கராஜ் கதைகள்: கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். வீடு பட்டர்வொர்த். சென்ற மாத விடுமுறையில் நண்பர்கள் சேர்ந்து வரிசையாகப் படம் பார்த்தோம். ஃபேஸ்புக் பற்றிய 'தி சோஷியல் நெட்வொர்க்', ஸ்டீவ் ஜாப்ஸ் பற்றிய இரண்டு படங்கள், கடைசியில் 'சூரரைப் போற்று'. பார்த்த சூட்டில் ஒரு நண்பன் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஆப் செய்யப் போகிறேன் என்கிறான். இவர்கள் எல்லாருமே படிப்பை விட்டவர்கள், எல்லாரையும் யாரோ அவமானப்படுத்தியிருக்கிறார்கள், அந்த வெறிதான் கம்பெனி ஆனது என்பது அவன் வாதம். இணையத்தில் தேடினால் பாதிக்கு மேல் கற்பனை என்று இருக்கிறது. சொன்னால், "படத்தைப் படமாகப் பார், கணக்குப் பார்க்காதே" என்கிறான்.

சினிமா என்றால் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தானே எடுப்பார்கள்? அதில் குற்றம் கண்டுபிடிப்பது சரியா? இன்னொன்று: நம் ஆட்களில் தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணன் அளவுக்கு வளர்ந்தவர் இல்லை. அவரைப் பற்றிப் படம் எடுத்தால் எப்படி இருக்கும்?

அன்புடன்
க., பட்டர்வொர்த்

*

அன்புள்ள க.,

படத்தைப் படமாகப் பார்க்கச் சொல்லும் நண்பர்தான் படத்தைப் பார்த்துவிட்டு வேலையை விடப் போகிறார். முதலில் அவரிடம் இதைக் கேளுங்கள்.

கூட்டிக் குறைத்து எடுப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஜாக்சன் துரை முன்னால் கட்டபொம்மன் சிவாஜி கணேசன் குரலில் அடுக்குமொழி பேசியிருக்க மாட்டார் என்று தெரிந்தேதான் 1959-இலிருந்து கைதட்டி வருகிறோம். நடக்காத காட்சி, பேசாத வசனம், பத்து வருடத்தை இரண்டு மணி நேரத்தில் அடைப்பது எல்லாம் சினிமாவின் உரிமை. என் சண்டை காரணத்தோடு. ஒரு கம்பெனி ஏன் உருவானது, எதனால் நின்றது என்று ஒரு காரணத்தைப் படம் நம் கையில் திணிக்கிறது பாருங்கள், பெரும்பாலும் அதுதான் பொய். வசனம் மறந்துபோகும். காரணம் மனதில் தங்கிவிடும், உங்கள் நண்பருக்குத் தங்கியிருப்பதுபோல.

ஃபேஸ்புக் படம் 2010-இல் வந்தது. டேவிட் ஃபின்ச்சர் இயக்கம், ஆரன் சோர்கின் திரைக்கதை. அந்தத் திரைக்கதைக்குக் கிடைத்த ஆஸ்கர் தகுதியானதுதான். ஒரு மதுக்கூடத்தில் காதலி மார்க் சக்கர்பெர்க்கை உதறிவிட்டுப் போகிறாள், அவர் அறைக்கு ஓடிவந்து ஆத்திரத்தில், மாணவர் படங்களை இரண்டிரண்டாக வைத்து யார் அழகு என்று கேட்கும் ஃபேஸ்மாஷ் என்ற தளத்தைச் செய்கிறார், அங்கிருந்து ஃபேஸ்புக். அந்தக் காதலி பாத்திரம் கற்பனை. (அந்த இரவு அவர் இணையத்தில் எழுதிய குறிப்பில் ஏதோ ஒரு பெண்ணைத் திட்டியிருந்தது நிஜம். சோர்கின் பிடித்துக்கொண்ட நூல் அது.) நடந்தது வேறு. 2003 அக்டோபரில் ஃபேஸ்மாஷ் விவகாரமாகி, பல்கலைக்கழகம் விசாரணைக்குக் கூப்பிட்டது. எப்படியும் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நண்பர்கள் வழியனுப்பு விருந்து வைத்தார்கள். அந்த விருந்தில் கழிப்பறை வரிசையில் நின்றபோதுதான் பிரிசில்லா சானைச் சந்தித்தார். 2012-இல் அவரையே மணந்தார். 2017-இல் ஹார்வர்ட் பட்டமளிப்பு விழாவில் சக்கர்பெர்க்கே இதைச் சொன்னார்: ஃபேஸ்புக் உருவாக ஃபேஸ்மாஷ்தான் முக்கியம் என்று படம் காட்டியது, அப்படி இல்லை, ஆனால் அது இல்லாவிட்டால் மனைவியைச் சந்தித்திருக்க மாட்டேன் என்று. ஆக, 2004 பிப்ரவரியில் தளத்தைத் தொடங்கியவர் ஒருத்தி உதறிய ஏக்கத்தில் தொடங்கினார் என்ற கதை நிற்காது.

படக்குழு எதில் கவனமாக இருந்தது தெரியுமா? உடையில். படத்தில் வரும் ஒவ்வொரு டீ-சட்டையும் தன்னிடம் நிஜமாகவே இருந்தது என்று படம் வந்த அதே மாதம் சக்கர்பெர்க் ஒப்புக்கொண்டார்.

படம் சொல்லும் துரோகக் கதையும் பாதிவழியில் நிற்கிறது. தொடக்கத்தில் பணம் போட்ட நண்பர் எடுவர்டோ சாவரினின் பங்கைக் குறைத்தது உண்மை. அவர் வழக்குப் போட்டார், சமரசம் ஆனது, இணை நிறுவனர் என்ற பெயரும் திரும்பக் கிடைத்தது. படத்தில் மடிக்கணினி உடையும்போது நமக்கு அவர்மேல் இரக்கம் வருகிறது. அந்த மனிதர் 2009 முதல் இருப்பது சிங்கப்பூரில், நம் ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், அந்த நாட்டின் முதல் வரிசைப் பணக்காரராக. இரக்கப்பட வேறு ஆள் தேடலாம்.

சரி, ஜாப்ஸ் படங்கள். 2015-இல் வந்தது மேடை நாடகம் மாதிரி: 1984, 1988, 1998 என்று மூன்று அறிமுக விழாக்கள், ஒவ்வொன்றும் தொடங்குவதற்குச் சற்று முன்னால் எல்லாரும் வந்து ஜாப்ஸிடம் கணக்குத் தீர்க்கிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை, நான் அப்படிப் பேசுகிற ஆளே இல்லை என்றார் ஜாப்ஸோடு ஆப்பிளைத் தொடங்கிய ஸ்டீவ் வாஸ்னியாக். சொல்லிவிட்டுப் படத்தைப் பாராட்டவும் செய்தார், அது அவர் குணம். ஆனால் இந்தப் படங்களைவிடப் பெரிய புராணம் கராஜ். ஜாப்ஸ் வீட்டுக் கார்க் கொட்டகையில் ஆப்பிள் பிறந்தது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். அது கொஞ்சம் கட்டுக்கதைதான் என்று வாஸ்னியாக் 2014-இல் சொன்னார். அங்கே வடிவமைப்பு நடக்கவில்லை, உற்பத்தியும் நடக்கவில்லை. செய்து முடித்ததைக் கொண்டுவந்து ஓடுகிறதா என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். அவர் வேலையில் பெரும்பகுதி நடந்தது ஹியூலெட்-பேக்கார்ட் (ஹெச்பி) அலுவலகத்தில், தன் மேசையில். அங்கே அவர் கால்குலேட்டர் பிரிவுப் பொறியாளர்.

இனி வருவதை உங்கள் நண்பரை உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள். ஆப்பிள் 1976 ஏப்ரலில் தொடங்கியது. கணினியைச் செய்த வாஸ்னியாக் அப்போது வேலையை விடவில்லை. செய்ததை முதலில் தன் முதலாளிக்கே காட்டினார், அவர்கள் வேண்டாம் என்றார்கள். அப்புறம் மைக் மார்க்குலா என்றொருவர் வந்தார். இன்டெல்லில் சந்தைப்படுத்தல் பார்த்து, பங்குகளில் சம்பாதித்து, 32 வயதிலேயே ஓய்வுபெற்றவர். முதலாகவும் கடனாகவும் 2.5 லட்சம் டாலர் தரத் தயார், ஆனால் வாஸ்னியாக் முழுநேரமாக வந்தாக வேண்டும் என்றார். வாஸ்னியாக் முடியாது என்றார்! நல்ல கம்பெனி, நல்ல வேலை, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்பது அவர் நிலை. ஜாப்ஸ் அவருடைய சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் விட்டுப் பேசவைத்துத்தான் மனதை மாற்றினார். 1977 ஜனவரியில் ஆப்பிள் முறைப்படி பதிவான கம்பெனி ஆனது. பணம், தொழில் திட்டம், ஆட்களை எடுப்பது என்று எல்லாவற்றிலும் மார்க்குலா கை இருந்தது. படங்களில் அவர் ஓரமாக வந்து போவார். கோட்டு போட்டவர் காசோலை எழுதுவதைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்?

அடுத்ததை நீங்கள்தான் ரசிப்பீர்கள். வாஸ்னியாக் விட மறுத்த ஹெச்பி, மார்க்குலா சம்பாதித்த இன்டெல், இரண்டுமே 1972-இல் பாயான் லெப்பாஸுக்கு வந்தவை. 1969-இல் பினாங்கு தீர்வையில்லாத் துறைமுக அந்தஸ்தை இழந்து, வேலையில்லாத் திண்டாட்டத்தில் இருந்தது. முதலமைச்சர் லிம் சோங் இயூ வெளிநாட்டுக் கம்பெனிகளைத் தேடித் தேடி அழைத்தார். வயலாக இருந்த நிலத்தில் இன்டெல்லின் முதல் வெளிநாட்டு ஆலை எழுந்தது. 1975-இல் அது தீயில் எரிந்து, மறுபடி கட்டப்பட்டது. தோட்டத்திலிருந்தும் மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்தும் ஃபேக்டரி பஸ்ஸில் வந்த பெண்கள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியின் ஒரு முனையைச் சில்லின்மேலும் மறுமுனையைச் சில்லைத் தாங்கும் உலோகச் சட்டத்தின் காலிலும் ஒட்டவைத்தார்கள். ஒரு கால் முடிந்தால் அடுத்த கால், ஒரு சில்லு முடிந்தால் அடுத்த சில்லு, ஷிஃப்ட் முழுக்க. கண்வலியைப் பற்றி அந்தக் காலத்து அக்காமார்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். இன்று அந்த வேலையை இயந்திரம் செய்கிறது, உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நிறுவனர்களைப் பற்றி நான் பார்த்த எந்தப் படத்திலும் அந்த மைக்ராஸ்கோப் மேசை வரவில்லை.

படிப்பை விட்டவர்கள் என்பதையும் முடித்துவிடுகிறேன். பில் கேட்ஸும் சக்கர்பெர்க்கும் ஹார்வர்டில் விடுப்பு எடுத்துக்கொண்டு போனவர்கள். தொழில் படுத்திருந்தால் திரும்பிப் போய் உட்கார இடம் இருந்தது. கேட்ஸ் படித்த பள்ளியில் 1968-லேயே கணினி முனையம் இருந்தது. சக்கர்பெர்க்குக்கு 2004 கோடையில் முதலீட்டாளர் பீட்டர் தீல் 5 லட்சம் டாலர் கொடுத்தார். நண்பர் எழுதிக் கொடுத்தால் அவர் நாற்காலியை ஃபேக்டரி காலியாக வைத்திருக்குமா?

'சூரரைப் போற்று' விமானக் கம்பெனிக் கதைதான், ஆனாலும் சேர்த்துப் பார்த்ததில் தவறில்லை. எனக்குப் பிடித்த படம். ஊர்வசி அழும் இடத்தில் நானும் அழுதேன். படக் கதைக்கு மூலமான நிஜ கேப்டன் கோபிநாத் கர்நாடகத்துக் கோரூர்க்காரர், ராணுவத்தில் தரைப்படையில் இருந்தவர். நிறையக் கற்பனை, ஆனால் சாரத்தைப் பிடித்துவிட்டார்கள் என்று பெருந்தன்மையோடு சொன்னார். எனக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை. படத்தில் சாகக்கிடக்கும் தந்தையைப் பார்க்க டிக்கெட்டுக்குப் பணம் போதாமல் நிற்கும் அவமானம்தான் விமானக் கம்பெனிக்குக் காரணம். நிஜத்தில் கோபிநாத் பட்டுப்புழு வளர்த்தார், அதற்காக 1996-இல் ரோலெக்ஸ் விருது பெற்றார், தேர்தலில் நின்று தோற்றார், கேப்டன் சாமுவேலோடு சேர்ந்து ஹெலிகாப்டர் வாடகைக் கம்பெனி நடத்தினார். 2003-இல் அவருடைய விமானக் கம்பெனி ஏர் டெக்கான் வரும்போது உரிமம், எரிபொருள், அதிகாரி, வங்கி எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஹெலிகாப்டர் வருடங்களை வெட்டினால் மிச்சம் இருப்பது ரோஷம் மட்டும்தான். வேடிக்கை என்னவென்றால், ஹைதராபாத்தில் தொடக்கப் பயணத்துக்கு அரசியல் தலைவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய விமானத்தின் எஞ்சினில் தீப்பிடித்தது. கற்பனையாக எழுதியிருந்தால் மிகை என்று வெட்டியிருப்பார்கள். ஏர் டெக்கான் பின்னால் விஜய் மல்லையாவின் கிங்ஃபிஷரோடு கலந்து, அதுவும் 2012-இல் நின்றுபோனது வேறு கதை.

நண்பர் ஆப் செய்யப் போகிறவர் என்பதால் டாக்சி அழைக்கும் ஆப்பாகத் தொடங்கிய கிராப் பற்றியும் ஒரு சொல். 2012-இல் கோலாலம்பூரில் மைடெக்சி என்று தொடங்கியபோது நிறுவனர்கள் இரண்டு பேர், ஆண்டனி டான், டான் ஹூய் லிங். ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் சந்தித்தவர்கள். யாராவது படம் எடுத்தால் ஆண்டனியின் டாக்சி ஓட்டிய முன்னோரில்தான் தொடங்குவார்கள். இடையில் டான் சோங் மோட்டார் என்ற அவருடைய குடும்ப நிறுவனம் இருப்பது எடிட்டிங்கில் போய்விடும். டான் ஹூய் லிங்குக்கு எத்தனை காட்சி கிடைக்கும் என்பதும் சந்தேகம்.

கடைசியாக ஆனந்த கிருஷ்ணன். 2024 நவம்பரில் காலமானார். 1938-இல் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து, விவேகானந்தா தமிழ்ப்பள்ளி, விக்டோரியா இன்ஸ்டிடியூஷன், மெல்பர்ன், 1964-இல் ஹார்வர்ட் எம்பிஏ. பாருங்கள், படித்து முடித்தவர்! பாதிக் கதாநாயகன் அங்கேயே போச்சு. முதல் காட்சி என்னவாக இருக்கும் என்று நான் பந்தயம் கட்டத் தயார்: காவி உடுத்திய மகன். மகன் பௌத்தத் துறவி என்ற செய்திதான் அவர் இறந்த வாரம் உலகம் முழுக்க ஓடியது. அதிலிருந்து பின்னோக்கிப் போய் அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரு சண்டையை உண்டாக்கி, அதையே அவர் வாழ்க்கைக்குக் காரணமாக்கிவிடுவார்கள்.

நான் பார்க்க விரும்பும் படம் வேறு. அவருடைய கைப்பேசி நிறுவனமான மேக்சிஸ் சேவை தொடங்கியது 1995-இல். 1996 ஜனவரியில் தென் அமெரிக்காவின் கூரூவிலிருந்து மீசாட் செயற்கைக்கோள் கிளம்பியது. அதே வருடம் அவருடைய செயற்கைக்கோள் தொலைக்காட்சியான அஸ்ட்ரோ வந்து, அதன் தமிழ் அலைவரிசை வானவில் வழியாகத் தோட்டத்து வீட்டிலும் நாள் முழுக்கத் தமிழ் கேட்டது. மகாதீரின் தனியார்மய காலத்தில் உரிமங்கள் யாருக்கு, எப்படி, என்ன பேச்சின்பேரில் கிடைத்தன என்பது ஒரு முழுப் படத்துக்குத் தாங்கும். இரண்டாம் பாதிக்கு இந்தியக் கைப்பேசி நிறுவனமான ஏர்செல் இருக்கிறது: 2006-இல் மேக்சிஸ் அதில் 74 விழுக்காடு வாங்கியது, 2018-இல் அது திவாலானது.

ஆனால் அவர் பேட்டி கொடுப்பதையே தவிர்த்தவர். ஃபேஸ்புக் படத்துக்கு ஒரு புத்தகம் இருந்தது, கோபிநாத் தன் கதையைத் தானே எழுதியிருந்தார். இங்கே எழுத வேண்டியவர்கள் மேக்சிஸிலும் அஸ்ட்ரோவிலும் தொடக்க வருடங்களில் வேலை பார்த்தவர்கள்தான், 1970-களில் பாயான் லெப்பாஸில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவர்களும்தான். இதைப் படிக்கிறவர்களில் யாராவது இருந்தால் எழுதி அனுப்புங்கள், தமிழ்ப் பிழைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் ஃபேக்டரியில் ஓய்வுபெற்ற அக்கா யாரையாவது தெரிந்தால் அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்தே அனுப்பலாம், க.

அன்புடன்