இரண்டு மடங்கு என்றால் எத்தனை பேர்?

கேள்வி: எனக்கு வயது 57. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய், எட்டு வருடமாக ரத்த அழுத்தம். போன மாதப் பரிசோதனையில், சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். 52 என்று வந்தது. "சிறுநீரகம் கொஞ்சம் தளர ஆரம்பித்திருக்கிறது" என்றார் டாக்டர். அன்றிலிருந்து கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கிறேன். நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கு இதயச் செயலிழப்பும் பக்கவாதமும் வரும் அபாயம் இரண்டு மடங்கு, ஐந்து மடங்கு என்று ஆய்வுகள் சொல்கின்றனவாம். என் அம்மா பக்கவாதம் வந்து மூன்று வருடம் படுக்கையில் இருந்து இறந்தார். எனக்கும் அதுதான் என்று முடிவாகிவிட்டதா? இந்தச் செய்திகளைப் படிப்பதா, விட்டுவிடுவதா? மகளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

முடிவாகிவிடவில்லை. மூன்று வருடம் ஒரு பக்கவாத நோயாளியைப் பக்கத்திலிருந்து பார்த்த உங்களுக்கு, அந்த வார்த்தையைப் படிக்கும்போது எண் தெரியாது, அம்மாவின் முகம்தான் தெரியும். அதனால் எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

"இரண்டு மடங்கு" என்று படித்தால் முதலில் கேட்க வேண்டியது, எதில் இரண்டு மடங்கு என்பதுதான். ஆயிரம் பேரில் ஒருவருக்கு வந்தது இரண்டு பேருக்கு வந்தாலும் இரண்டு மடங்கு. நூறு பேரில் இருபது பேருக்கு வந்தது நாற்பது பேருக்கு வந்தாலும் இரண்டு மடங்கு. தலைப்பில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அடுத்த கேள்வி, யாருக்கு இரண்டு மடங்கு? சிறுநீரகத்தையும் இதயத்தையும் இணைத்துப் பேசும்போது எல்லோரும் காட்டும் ஆய்வு ஒன்று 2004-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தார்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். 60-க்கு மேல் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், 30 முதல் 44 வரை இருந்தவர்களுக்குத்தான் இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் இரண்டு மடங்காக இருந்தன. 15-க்குக் கீழே போனவர்களுக்கு மூன்று மடங்குக்கும் மேல். உங்களைப் போல 45 முதல் 59 வரை இருந்தவர்களுக்கு அது சுமார் 1.4 மடங்கு. வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகு சிறுநீரகத்தின் பங்காக வந்த எண் இது. 1.4 என்பதும் அலட்சியம் செய்யும் எண் இல்லை. ஆனால் நீங்கள் தூக்கம் கெட்டு யோசித்த எண் உங்களுடையது இல்லை.

ஐந்து மடங்கு எங்கிருந்து வந்தது என்பதையும் ஊகிக்க முடிகிறது. அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948-ல் ஐயாயிரத்துச் சொச்சம் பேரைப் பதிவு செய்து, ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பரிசோதித்தார்கள். 1974-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், சர்க்கரை நோயுள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு இரண்டு மடங்குக்கு மேலும், பெண்களுக்கு ஐந்து மடங்கும் இருந்தது. அந்த ஆட்களைச் சேர்த்த காலத்தில் ரத்த அழுத்தத்துக்கு இன்றைக்குள்ள மாத்திரைகளில் அநேகமாக எதுவும் கிடையாது. ஆக, அந்த எண் பொய்யில்லை, ஆனால் இன்றைய மருத்துவத்தைப் பார்க்காதவர்களின் எண். அதை அப்படியே எடுத்து உங்கள் மேல் வைக்கக் கூடாது.

அபாயம் கூடுவதைச் சொல்லும் செய்திகளில் மட்டும் இல்லை, குறைவதைச் சொல்லும் செய்திகளிலும் இதே சிக்கல் உண்டு. 2010-ல் வந்த அக்கார்டு ஆய்வில், சர்க்கரை நோயோடு இதய அபாயமும் அதிகமுள்ள 4,733 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 140-க்குக் கீழும், மறுபாதியினருக்கு 120-க்குக் கீழும் கொண்டுவரப் பார்த்தார்கள். கடுமையாகக் குறைத்தவர்களிடம் பக்கவாதம் 41 சதவீதம் குறைவு. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் பேர் கணக்கில் பார்த்தால், ஆயிரம் பேரில் வருடத்துக்குச் சுமார் ஐந்து பேருக்கு வந்த பக்கவாதம் மூன்று பேருக்கு வந்தது. அதோடு மருந்தால் வந்த கடுமையான தொல்லைகள், தலைசுற்றி விழுவது மாதிரியானவை, கடுமையாகக் குறைத்தவர்களிடம்தான் அதிகம். 41 என்பதும் உண்மை, ஆயிரத்துக்கு இரண்டு என்பதும் உண்மை. உங்கள் டாக்டர் ரத்த அழுத்தத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று யோசிக்கும்போது இரண்டையும் வைத்துத்தான் யோசிப்பார். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பொதுவாக 130/80-க்குக் கீழே என்று சொல்வோம். அது எல்லோருக்கும் ஒரே கோடு இல்லை.

சரி, இப்போது உங்கள் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இதயச் செயலிழப்பு என்றவுடன் இதயம் நின்றுபோவது என்று பலர் நினைக்கிறார்கள். பெயரே அப்படித்தான் பயமுறுத்துகிறது. மாரடைப்பு வேறு, இது வேறு. உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தை இதயத்தால் சிரமமில்லாமல் அனுப்ப முடியாத நிலைதான் செயலிழப்பு. பல வருடச் சர்க்கரையும் அழுத்தமும் சேர்ந்து இதயத்தின் கீழறைச் சுவரைத் தடித்து விறைப்பாக்கிவிடும். விறைத்த அறை ரத்தத்தை நன்றாகவே வெளியே தள்ளும், ஆனால் விரிந்து உள்ளே வாங்காது. அதனால்தான் எக்கோ என்ற இதய ஸ்கேனில் "ஐம்பது சதவீதத்துக்கு மேல் பம்ப் ஆகிறது" என்று வந்தும் மூச்சு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரகம் உப்பையும் நீரையும் சரியாக வெளியேற்றாவிட்டால் அந்தச் சுமையும் இதே இதயத்தின் மேல்தான் விழும்.

கீழறை வாங்க மறுத்தால் மேலறையில் அழுத்தம் கூடும். வருடக்கணக்கில் அது இழுபட்டுப் பெரிதாகும். ஒருநாள் தாளம் தவறி, துடிப்பதற்குப் பதில் படபடவென்று அதிர ஆரம்பிக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இதுதான். அதிரும் அறையின் மூலையில் ரத்தம் தேங்கி உறையும். அந்த உறைகட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தத் தாளத் தவறு இருந்தால் பக்கவாத அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று அதே ஃப்ரேமிங்ஹாம் ஆய்வுதான் 1991-ல் காட்டியது. எல்லாப் பக்கவாதமும் இந்த வழியில் வருவதில்லை. அழுத்தத்தால் மூளையின் சிறிய ரத்தக்குழாய்கள் கெட்டு வருவதும் நிறைய. ஆனால் நீங்கள் தனித்தனியாகப் பயந்த மூன்று விஷயங்கள், சிறுநீரகம், இதயம், பக்கவாதம், ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒரு கண்ணியைப் பிடித்தாலும் மற்றவற்றின் இழுப்பும் குறையும்.

பிடிக்க முடியும் என்பதற்கு ஆதாரம் 1998-லேயே வந்துவிட்டது. பிரிட்டனில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள 1,148 பேரை எட்டு வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். கடுமையான குறைப்பெல்லாம் இல்லை. ஒரு பிரிவுக்குச் சராசரி 154/87, இன்னொன்றுக்கு 144/82. அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கே பக்கவாதம் 44 சதவீதமும் இதயச் செயலிழப்பு 56 சதவீதமும் குறைந்தன. சர்க்கரை அளவைத் தினமும் எழுதி வைப்பவர்கள்கூட அழுத்தத்தை மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் பார்த்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

அப்புறம் 2015-ல் எதிர்பாராத ஒன்று நடந்தது. சர்க்கரை மாத்திரைகள் இதயத்தைக் கெடுக்கவில்லை என்று நிரூபிக்கச் சொல்லி 2008-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கம்பெனிகளைக் கேட்டிருந்தது. அப்படிச் சோதிக்கப்பட்டவற்றில் எம்பாக்ளிஃப்ளோசின் என்ற மாத்திரை, கெடுக்காதது மட்டுமில்லை, இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வதை 35 சதவீதம் குறைத்தது. பேர் கணக்கில், மூன்று வருடத்தில் நூற்றுக்கு 4.1 என்றிருந்தது 2.7 ஆனது. பக்கவாதத்தை அது குறைக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 2019-ல் டாபாக்ளிஃப்ளோசின், சர்க்கரையே இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் உதவியது. சிறுநீரகம் கெடும் வேகத்தையும் இந்த வகை மாத்திரைகள் குறைக்கின்றன. உங்களைப் போலச் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகத் தளர்வு மூன்றும் சேர்ந்தவர்களுக்கு இது பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்பது நியாயமான கேள்வி. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், வாந்தி பேதி நாட்களில் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும் என்பதால் நீங்களாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரை அல்ல. சர்க்கரைக்கான பயோகிளிட்டசோன் உடம்பில் நீரைத் தேக்கும். உங்கள் சீட்டில் அது இருந்தால் இதயத்தைப் பற்றியும் பேசிவிடுங்கள். தானாக நிறுத்த வேண்டாம்.

என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அவருக்கும் சர்க்கரைதான். ஒரு தலையணையில் படுத்தவர் இரண்டு வைத்தார், அப்புறம் மூன்று. "கழுத்து வலிக்கிறது" என்றார். செருப்பின் வார் பாதத்தில் பதிந்து, கழற்றி அரைமணி நேரம் ஆன பிறகும் பள்ளமாக நின்றது. நான் டாக்டர், அதே வீட்டில் இருந்தேன், நான்கு மாதம் அதை வயசு என்று நினைத்தேன். ஒரு ராத்திரி மூச்சுத் திணறி எழுந்து ஜன்னலைத் திறந்து நின்றபோதுதான் எனக்குத் தலையணைகளின் எண்ணிக்கை உறைத்தது. அதற்கு அப்புறம் மருந்தோடு ஆறு வருடம் நன்றாக இருந்தார். அந்த நான்கு மாதம் மட்டும் இன்னும் என் மனசில் கிடக்கிறது.

அதனால் நீங்கள் செய்திகளைத் தேடும் நேரத்தில் பாதியை உங்கள் உடம்பைப் பார்க்கக் கொடுங்கள். காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பு இல்லை, நீர். கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி நின்றால் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் மாத்திரையாலும் கால் வீங்கும், சிறுநீரகத்தாலும் வீங்கும். எதனால் என்று பிரித்துச் சொல்வது டாக்டரின் வேலை. ரத்த அழுத்தம் பார்க்குமுன் ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்காருங்கள். பிறகு இரண்டு விரலை மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். எண்ணிக்கையைவிடத் தாளம் முக்கியம். ஒழுங்கே இல்லாமல் முன்னும் பின்னுமாக அடித்தால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். தாளத் தவறு உறுதியானால், உங்களுக்கு இருக்கும் மற்ற நோய்களையும் சேர்த்துப் பார்த்து, ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து கொடுப்பார்கள். அந்த மருந்து இந்த வகைப் பக்கவாதத்தை மூன்றில் இரண்டு பங்கு தடுக்கும். ஆஸ்பிரின் அதற்கு ஈடாகாது.

அடுத்த முறை போகும்போது, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். மட்டும் பாதிக் கதைதான். ஆல்புமின் கசிவு தனியாகவே இதய அபாயத்தைக் கூட்டும். இதயச் செயலிழப்பை அறிகுறி வருமுன் கண்டுபிடிக்க, பி.என்.பி. வகை ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு வருடம் ஒருமுறை இதுபோன்ற ஒரு பரிசோதனை செய்யலாம் என்று 2022-ல் அமெரிக்கச் சர்க்கரை நோய்ச் சங்கத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்தது. சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் அந்த எண் ஏறும் என்பதால் முடிவைத் தனியாகப் படித்துப் பயப்படாதீர்கள்.

இரண்டு விஷயத்தில் உங்களுக்குக் குறிப்பாக எச்சரிக்கை. ஒன்று, மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகள். சிறுநீரகத்தையும் கெடுக்கும், உப்பையும் நீரையும் தேக்கி இதயத்தையும் அழுத்தும். இன்னொன்று, பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு. 2021-ல் சீனாவில் 600 கிராமங்களில் நடந்த ஆய்வில் அது பக்கவாதத்தை 14 சதவீதம் குறைத்தது. செய்தியைப் படித்துவிட்டு நீங்கள் வாங்க நினைத்திருக்கலாம். அந்த ஆய்வில் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. தளர்ந்த சிறுநீரகம் பொட்டாசியத்தைத் தேக்கிவிட்டால் இதயத் துடிப்பே தடுமாறும். உங்கள் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்து டாக்டர் சரி என்றால் மட்டும் பயன்படுத்துங்கள். சாதாரண உப்பைக் குறைப்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு ஐந்து கிராமுக்குள்.

செய்திகளைப் படிக்கலாமா என்றீர்கள். படியுங்கள். எத்தனை பேரில் எத்தனை பேர், எத்தனை வருடத்தில், யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்று இல்லாத செய்தியை மட்டும் ராத்திரியில் படிக்காதீர்கள்.

மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. பக்கவாதம் வந்தவரால் பல சமயம் தனக்கு வந்திருப்பதைச் சொல்ல முடியாது, வாய் குழறும் அல்லது தனக்கு ஒன்றும் இல்லை என்றே தோன்றும். பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரிய வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணுவது, தூக்கிய இரண்டு கைகளில் ஒன்று தானாகக் கீழே இறங்குவது, பேச்சு குழறுவது. இதில் ஒன்று தெரிந்தாலும், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும், உடனே ஆம்புலன்ஸ். உறைகட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அந்தக் கெடு நீங்கள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து எண்ணப்படுகிறது. அதனால் "அம்மா எத்தனை மணி வரைக்கும் நல்லா இருந்தாங்க?" என்று ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பார்கள். உங்கள் மகளுக்கு அந்தப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.