கையைக் கடிக்காத கிளிநொச்சிச் சாப்பாடு

கேள்வி: நாலு பேர் கிளிநொச்சிக்கு வருகிறோம். குறைந்த செலவில் வித்தியாசமாக என்ன சாப்பிடலாம்?

பதில்: முதலில் அம்மாச்சி உணவகம். பெண்கள் கண்முன்னே சமைக்கும் உள்ளூர்ப் பலகாரங்கள், விலையும் குறைவு. வேளைக்கே போங்கள்.

கொத்து ரொட்டிக் கடையில் நாலு கொத்துச் சொல்லாதீர்கள். இரண்டு வாங்கி, வெறும் பிளேட் இரண்டு கேளுங்கள். குழம்பு தனியாக வரட்டும். மேலே ஊற்றினால் ரொட்டி ஊறிக் களியாகிவிடும். தேநீரோடு மேசைக்கு வரும் ரோல்ஸ், வடைத் தட்டைக் கண்டு பயப்படவேண்டாம், எடுத்ததற்கு மட்டுமே காசு. மத்தியானச் சோற்றுக்கு மரக்கறி திரும்பக் கேட்கலாம். மீன் பொரியலுக்குத் தனிக்கணக்கு.

பாலைப்பழம் என்ற காட்டுப் பழத்தின் காலமென்றால் விடாதீர்கள். அதன் பால் உதட்டில் ஒட்டினால் தண்ணீருக்குப் போகாது. தேங்காய் எண்ணெய் பூசித் துடையுங்கள்.