கம்பைலர் பேசுகிறதா, லிங்கர் பேசுகிறதா? சி, சி++ திட்டங்களைக் கட்டுவது (பில்ட் செய்வது) குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஒரே கோப்பில் எழுதிய சி நிரல்கள் நன்றாக ஓடின. மூன்று கோப்புகளாகப் பிரித்தவுடன் ‘அண்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்’ என்று வருகிறது. ஹெடர் கோப்பைச் சேர்த்திருக்கிறேனே, ஐயா?

பதில்: இந்தச் செய்தியைச் சொல்வது கம்பைலர் அல்ல, லிங்கர். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேதனை தீர்ந்துவிடும். உங்கள் நிரல் நான்கு கட்டங்களைக் கடக்கிறது. முதலில் பிரிபிராசசர், ‘.ஹெச்’ என்று முடியும் ஹெடர் கோப்புகளை உள்ளே ஒட்டுகிறது. பிறகு கம்பைலர் அதை அசெம்பிளி மொழிக்கு மாற்றுகிறது. அசெம்பிளர் அதை இயந்திர மொழியில் உள்ள .ஓ (ஆப்ஜெக்ட்) கோப்பாக ஆக்குகிறது. கடைசியாக லிங்கர் எல்லா .ஓ கோப்புகளையும் இணைத்து ஓடக்கூடிய கோப்பைத் தருகிறது. ஒரு .சி கோப்பைக் கம்பைல் செய்யும்போது, பக்கத்தில் இன்னொரு .சி கோப்பு இருப்பதே கம்பைலருக்குத் தெரியாது.

ஹெடரில் இருப்பது அறிவிப்பு மட்டும்: ‘இப்படி ஒரு ஃபங்ஷன் எங்கோ இருக்கிறது’ என்ற தகவல். புத்தகத்தின் பொருளடக்கத்தில் அத்தியாயத்தின் பெயர் இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கங்களைத் தைத்துச் சேர்க்கவில்லை. உங்கள் நிலை அதுதான். இரண்டாவது, மூன்றாவது .சி கோப்புகளையும் கம்பைல் செய்து, அவற்றின் .ஓ கோப்புகளை லிங்கரிடம் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

அதையும் செய்த பிறகு இதே பிழை வந்தால், லைப்ரரியின், அதாவது ஏற்கெனவே கம்பைல் செய்த ஃபங்ஷன்களின் தொகுப்பின், வரிசையைக் கட்டளையில் கவனியுங்கள். க்னூ லிங்கர் ‘.ஏ’ என்று முடியும் நிலையான லைப்ரரிகளை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே போகும். அந்த நொடியில் தேவைப்படுவதை மட்டும் எடுத்துக்கொள்ளும். லைப்ரரியை முன்னால் எழுதிவிட்டு உங்கள் .ஓ கோப்பைப் பின்னால் எழுதினால், லைப்ரரியைத் திறந்த வேளையில் அதிலிருந்து எதுவும் தேவைப்பட்டிருக்காது. பயன்படுத்துபவர் முன்னால், பயன்படுபவர் பின்னால். இந்த ஒரு விதி தெரியாமல் முழு நாட்களை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ என்று வருகிறது. ஹெடரில் இஃப்என்டெஃப் காப்பு வரிகள் போட்டும் போகவில்லை.

பதில்: ஃபங்ஷனின் உடலையே ஹெடரில் எழுதியிருப்பீர்கள். காப்பு வரிகள் ஒரு .சி கோப்புக்குள் ஹெடர் இருமுறை நுழையாமல் தடுக்கும், அவ்வளவுதான். இரண்டு .சி கோப்புகள் அதே ஹெடரைச் சேர்த்தால் இரண்டு .ஓ கோப்புகளிலும் அந்த ஃபங்ஷன் இருக்கும். உடலை ஒரு .சி கோப்புக்கு மாற்றுங்கள். ஹெடரில் அறிவிப்பு மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: கட்டளையை நானே தட்டச்சு செய்துகொள்கிறேன். மேக் என்ற கட்டும் கருவி எதற்கு?

பதில்: மேக் பிறந்த கதையே உங்களுக்குப் பதில். 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அதை எழுதினார். அவருடைய சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப் பொழுது முழுவதும் தன் நிரலில் பிழை தேடியிருக்கிறார். பிழையை ஏற்கெனவே திருத்திவிட்டார்; திருத்திய கோப்பை மீண்டும் கம்பைல் செய்யத்தான் மறந்துவிட்டார். சரியான நிரலில் பிழை தேடிய அந்தக் காலைதான் மேக்குக்கு வித்து. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று ஒருமுறை எழுதிவைத்தால், கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டு, மாறியதை மட்டும் மேக் மீண்டும் கட்டும். ஐந்து கோப்புகள் வரை உங்கள் நினைவாற்றல் போதும். ஐம்பதுக்கு நிச்சயம் போதாது.

கேள்வி: மேக்குக்கான விதிகளை எழுதும் மேக்ஃபைலில் ‘மிஸ்ஸிங் செப்பரேட்டர்’ என்று வருகிறது.

பதில்: கட்டளை வரியின் தொடக்கத்தில் இடைவெளிகளுக்குப் பதில் டேப் எழுத்து இருக்க வேண்டும். உங்கள் எடிட்டர் டேப்பை இடைவெளிகளாக மாற்றுகிறது. மேக்ஃபைலுக்கு மட்டும் அதை நிறுத்திவையுங்கள்.

கேள்வி: ஹெடரில் ஒரு ஸ்ட்ரக்டில் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பில்) புதிய புலம் சேர்த்தேன். மேக் ‘எல்லாம் புதுப்பித்த நிலையில் இருக்கிறது’ என்றது. நிரலோ தவறான எண்களைக் காட்டுகிறது.

பதில்: மிக நல்ல கேள்வி, ஆபத்தான இடமும் இதுதான், ஏனெனில் பிழைச்செய்தியே வராது. உங்கள் விதிகளில் .ஓ கோப்பு .சி கோப்பை மட்டும் சார்ந்திருக்கிறது. ஹெடரைச் சார்ந்திருப்பதாக நீங்கள் எழுதவில்லை. பிறகு ஒரு .சி கோப்பை மட்டும் மாற்றியிருப்பீர்கள். அது புதிய ஸ்ட்ரக்டின் அளவைக் கொண்டும் மற்றவை பழைய அளவைக் கொண்டும் நினைவகத்தைப் படிக்கின்றன. இந்தச் சார்புகளைக் கையால் எழுதாதீர்கள், நிச்சயம் ஒன்று விடுபடும். ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்கள் இரண்டிலும் ‘எம்எம்டி’ என்ற விருப்பத்தைக் கொடுத்தால், எந்த ஹெடர்கள் பயன்பட்டன என்று ஒவ்வொரு .ஓ கோப்புக்கும் ஒரு .டி கோப்பைக் கம்பைலரே எழுதித் தரும். அவற்றை மேக்ஃபைலில் சேர்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: மேக்கை விட்டு நேராக சிமேக் என்ற கருவியைக் கற்றுக்கொள்ளலாமா?

பதில்: கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு சிறு மேக்ஃபைலையாவது கையால் எழுதிய பிறகு. சிமேக் தானே எதையும் கம்பைல் செய்வதில்லை. மேக் அல்லது அதைப் போன்ற நிஞ்ஜா என்ற கருவி படிக்கும் கோப்புகளை உருவாக்கித் தருகிறது. அடியில் நடப்பது தெரியாவிட்டால் சிமேக்கின் பிழைகள் மந்திரம் போலத் தோன்றும். முதல் நாளிலிருந்தே கட்டுவதற்குத் தனிக் கோப்புறை வையுங்கள். மூலக்கோப்புகள் தூய்மையாக இருக்கும். குழப்பம் வந்தால் அந்தக் கோப்புறையை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். சிமேக் பழைய விடைகளைத் தன் கேஷ் கோப்பில் நினைவு வைத்திருப்பதால் அப்படி அழிக்க வேண்டிய நாள் கட்டாயம் வரும்.

கேள்வி: ரஸ்ட் மொழி கற்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லையாமே?

பதில்: குறைவு. கார்கோ என்ற ஒரே கருவி சார்புகளைத் தரவிறக்குவது, கட்டுவது, சோதிப்பது எல்லாவற்றையும் செய்கிறது. ஆனால் சி லைப்ரரி ஒன்றைச் சேர்க்கும் நாளில் இதே லிங்கர் பிழை அங்கும் வரும்.

கேள்வி: என் கணினியில் ஓடும் நிரல், நண்பரின் லினக்ஸ் கணினியில் ‘ஷேர்ட் ஆப்ஜெக்ட் கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்கிறது.

பதில்: இங்கே பேசுவது மூன்றாமவர்: நிரல் தொடங்கும் வேளையில் இயங்கும் டைனமிக் லோடர். ‘.எஸ்ஓ’ லைப்ரரி உங்கள் கோப்புக்குள் இல்லை. ஒவ்வொரு முறை ஓடும்போதும் அதைத் தேடி எடுக்க வேண்டும். உங்கள் நிரல் எந்த லைப்ரரிகளைக் கேட்கிறது, எது கிடைக்கவில்லை என்று எல்டிடி கட்டளை காட்டும். முதலில் உங்கள் கணினியில் அதை ஓட்டிப் பட்டியலைப் பாருங்கள், பிறகு நண்பரின் கணினியிலும் ஓட்டுங்கள். ‘நாட் ஃபவுண்ட்’ என்று காட்டும் பெயர்களை மட்டும் அவருடைய கணினியின் பொதி மேலாளர் வழியாக நிறுவச் சொல்லுங்கள். அது நீங்களே எழுதிய லைப்ரரி என்றால், நிரலோடு சேர்த்து அனுப்பி, லிங்க் செய்யும்போது ‘ஆர்பாத்’ என்ற விருப்பத்தின் மூலம் அதன் இடத்தை நிரலுக்குள்ளேயே குறித்துவிடுங்கள்.