63 ஆம்பியர் கணக்கைப் போட்டவர்

"விமான வரலாற்றில் அதிகம் பேசப்படாத, ஆனால் நீங்கள் மதிக்கும் ஒருவர் யார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சார்ல் ரெனார். பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறேன். வழக்கமாக வரும் வயரிங்காரத் தம்பி ஒருநாள் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) வாங்கும்போது கேட்டான்: "அண்ணா, 15 ஆம்பியர் கேட்டால் 16 எடுத்துத் தருகிறீர்கள், 60 கேட்டால் 63. இந்தக் கணக்கை யார் போட்டது?" அதைத் தேடப்போய்த்தான் இவரிடம் வந்து சேர்ந்தேன்.

1884 ஆகஸ்ட் 9. பாரிஸுக்கு அருகே ராணுவ பலூன் கூடத்திலிருந்து ரெனாரும் ஆர்தர் கிரெப்ஸும் 'லா பிரான்ஸ்' என்ற ஆகாயக் கப்பலில் கிளம்பினார்கள். மின்மோட்டார், அதற்கு ரெனாரே உருவாக்கிய பேட்டரி. சுமார் 8 கிலோமீட்டர் சுற்றி, 23 நிமிடத்தில் கிளம்பிய இடத்திலேயே இறங்கினார்கள். ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று, ஏறிவரும் பனிமூட்டம் காற்றுக்குத் தக்கபடி திசை மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அதுவரை பலூனில் ஏறியவன் காற்று கொண்டுபோய் விட்ட இடத்தில்தான் இறங்கினான். அந்தக் கப்பல் ஏழு முறை பறந்தது. ஐந்து முறை வீடு திரும்பியது. ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு 19 ஆண்டுகள் முந்தைய கதை இது.

ஆனால் என் கடைக்கு அவர் வந்து சேர்ந்தது கயிறு வழியாக. ராணுவ பலூன்களுக்கு அப்போது 425 அளவுகளில் கயிறு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ரெனார் அதை 17 ஆகக் குறைத்தார். ஒவ்வோர் அளவுக்கும் ஒரே தொகையைக் கூட்டிக்கொண்டே போகாமல், ஒரே விகிதத்தால் பெருக்கிக்கொண்டே போனார். 10-ஐ ஏறத்தாழ 1.58-ஆல் பெருக்கினால் 16. பிறகு 25, 40, 63, 100. ஐந்தே படியில் பத்து மடங்கு. எவ்வளவு நியாயமான கணக்கு! சிறிய அளவில் 6 ஆம்பியர் வித்தியாசம் பெரிய விஷயம். 63-க்கு மேல் போனால் அது ஒரு பொருட்டே இல்லை. சரக்கு அடுக்கி வியாபாரம் செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய உதவி என்ன இருக்கிறது? 1950களில் உலகத் தர நிர்ணய அமைப்பு இந்த வரிசையை ஏற்றுக்கொண்டது. ரெனார் 1905-லேயே இறந்துவிட்டார்.

தம்பி அடுத்த முறை வந்தபோது, பில்லின் பின்பக்கத்தில் அந்த ஆறு எண்களையும் எழுதிக் காட்டினேன். அலமாரியில் இருந்த எம்.சி.பி. பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்த்தான்.

"எல்லாம் பலூன் கயிற்றுக்காகவா அண்ணா?" என்றபடி பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.