கிரியேட்டினின் நார்மல் என்றால் கிட்னியும் நார்மலா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. 12 வருடமாகச் சர்க்கரை. கிரியேட்டினின் 1.2. லேப் ரிப்போர்ட்டில் அதை நார்மல் என்றே போட்டிருக்கிறார்கள். நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: அந்த ஒரு எண்ணை வைத்து நிம்மதியடைய வேண்டாம். கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. வயதான பெண்களுக்குத் தசை குறைவு, அதனால் கழிவும் குறைவு. சிறுநீரகம் கிட்டத்தட்ட பாதி பலத்தை இழந்த பிறகும் ரிப்போர்ட் நார்மல் என்றே சொல்லும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இதே 1.2 கிரியேட்டினினுக்கு, 25 வயது இளைஞரின் இ.ஜி.எஃப்.ஆர். சுமார் 86. உங்கள் அம்மாவுக்குச் சுமார் 51தான். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய்.

கூடவே சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பாருங்கள். காலையில் முதலில் போகும் சிறுநீர் கொஞ்சம் போதும். 30-ஐத் தாண்டினால் வடிகட்டியில் புரதம் ஒழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலும், கிரியேட்டினின் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும். சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை இந்த இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். டெல்மிசார்டன், டபாக்ளிஃப்ளோசின் போன்ற மருந்துகள் நோயின் வேகத்தை நன்றாகக் குறைக்கின்றன. ஆனால் ஆள் நேரத்தோடு வர வேண்டும்.

கேள்வி: அடிக்கடி இடுப்பு வலிக்கிறது. கிட்னி கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் அது தசைவலி அல்லது முதுகெலும்புப் பிரச்சினைதான். கல்லோ கிருமித் தொற்றோ இருந்தால் சிறுநீரகம் வலிக்கும். நாள்பட்ட நோய் பொதுவாக வலிப்பதே இல்லை.

கேள்வி: மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மாத்திரை வாங்கிப் போடுகிறேன். ஆபத்தா?

பதில்: நாற்று நடும் அம்மா ஒருவர் மாத்திரை அட்டையைச் சேலை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். டைக்ளோஃபெனாக். தினம் இரண்டு மாத்திரை வீதம் மூன்று வருடமாக. வெயிலில் வேர்த்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காத உடம்பில் இந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையே குறைத்துவிடும். இ.ஜி.எஃப்.ஆர். குறைந்தவர்கள் தொடவே கூடாது. வலிக்கு பாராசிட்டமால் அளவோடு போடலாம். அப்புறம், என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாத பொடி, பஸ்பங்களும் வேண்டாம்.

கேள்வி: நிறைய தண்ணீர், இளநீர், வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கிட்னி சுத்தமாகுமாமே?

பதில்: கல் உள்ளவருக்குத் தண்ணீர் நல்லது. நோய் முற்றியவருக்கு அதே தண்ணீர் காலிலும் நுரையீரலிலும் தேங்கும். இளநீரிலும் வாழைத்தண்டிலும் பொட்டாசியம் அதிகம். அது ரத்தத்தில் ஏறினால் இதயத்தின் துடிப்பே தடுமாறும். எவ்வளவு குடிக்கலாம் என்பதை உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எல்லாருக்கும் பொருந்தும் ஒன்று உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள். உப்புக்குப் பதில் என்று விற்கும் ‘சோடியம் குறைந்த உப்பில்’ பெரும்பாலும் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் வாங்காதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இ.ஜி.எஃப்.ஆர். 14. கையில் ஃபிஸ்டுலா போடச் சொல்கிறார்கள். “டயாலிசிஸ் வரும்போது பார்த்துக்கலாம்” என்கிறார்.

பதில்: தள்ளிப்போடாதீர்கள். ஃபிஸ்டுலா என்பது டயாலிசிஸ் ஊசி குத்தத் தோதாகத் தமனியைச் சிரையோடு இணைக்கும் சின்ன ஆபரேஷன். அந்தச் சிரை தடித்து ஊசி தாங்க ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும். முன்கூட்டியே போடாதவர்கள் மூச்சுத் திணறலோடு அவசரமாக வந்து, கழுத்தில் குழாய் வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் குழாய் வழியாகக் கிருமி நேரே ரத்தத்தில் இறங்கும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. அட்டை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பெரும்பாலும் இடது கையில்தான் போடுவார்கள். அந்தக் கையில் இன்றிலிருந்தே ரத்தம் எடுக்கவோ டிரிப்ஸ் ஏற்றவோ விடாதீர்கள். போட்ட பிறகு தினமும் காலையில் தழும்பின் மேல் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூனை உறுமுவதுபோல் ஒரு அதிர்வு தெரியும். அது நின்றுபோனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.