வேன் போகாத தோட்டம்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ச் சபையின் செயலாளர் நான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஞாயிறு ஆராதனைக்கு 60 பேர் வந்தார்கள். இப்போது 170 பேர். போதகர் இதை எழுப்புதல், அதாவது ஆவிக்குரிய விழிப்பு என்கிறார். மூத்தவர்கள் சிலர், சாப்பாட்டுக்கும் இசைக்கும் வருகிற கூட்டம் என்கிறார்கள். சபை வேனைப் புதுத் தாமான்களுக்கு, அதாவது புதுக் குடியிருப்புகளுக்குத் திருப்பியதும் ஒரு காரணம். அங்கே ஒரே நடையில் 12 பேர் ஏறுகிறார்கள். (முன்பு வேன் ரப்பர் தோட்டத்துக்குப் போய்வந்தது. அங்கே இருப்பது என் அம்மாவோடு சேர்த்து நான்கு வயதானவர்கள்தான். பால்மரம் சீவி என்னைப் படிக்க வைத்தவர் அம்மா; அப்பா உயிரோடு இல்லை. எட்டு மாதமாகக் கைப்பேசியில் ஆராதனை பார்த்துக்கொள்கிறார்.) இது உண்மையான ஆவிக்குரிய வளர்ச்சிதானா என்று எப்படி அறிவது?

பதில்: தம்பி, பெற்ற தாயை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு ஆவிக்குரிய வளர்ச்சியை அளக்க என்னிடம் வழி கேட்கிறீர்கள்!

முதலில் கணக்கை முடித்துவிடுகிறேன். கூடுதலாக வந்த 110 பேரும் எங்கிருந்து வந்தார்கள் என்று பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். பலர் முன்பு ஏதோ ஒரு தோட்டத்து ஆலயத்தில் பாடிக்கொண்டிருந்தவர்களாக இருப்பார்கள். தோட்டம் கைமாறியது, தொழிலாளர் குடியிருந்த லயம் காலியானது, குடும்பம் தாமானுக்கு வந்தது, சபையும் மாறியது. (தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றதில் நம் ஜனம் இப்படிச் சிதறக் கூடாது என்றுதான் உங்கள் தொகுதி எம்.பி.யாக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தோட்டங்களை வாங்கக் கூட்டுறவுச் சங்கம் கண்டார்.) வந்தவர்களை வரவேற்க வேண்டியதுதான், அதற்கு எழுப்புதல் என்று பெயர் சூட்டப் போதகர் அவசரப்பட வேண்டாம். மூத்தவர்களும் கொஞ்சம் வாயை அடக்கட்டும். 'அப்பத்துக்காகத்தானே என்னைத் தேடுகிறீர்கள்' என்று இயேசு கடிந்துகொண்டது, 5,000 பேரின் பசியை ஆற்றிய பிறகு.

தலை எண்ணுவதும் பாவமில்லை. பெந்தெகொஸ்தே நாளில் ஏறக்குறைய 3,000 பேர் சேர்ந்தார்கள் என்று வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்திலேயே கணக்கு இருக்கிறது. அதே புத்தகத்தின் ஆறாம் அதிகாரத்தையும் வாசியுங்கள். சீஷர்கள் பெருகியபோது என்ன முறுமுறுப்பு எழுந்தது? அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகளைக் கவனிக்கவில்லை என்பதுதான். சபை பெருகியதும் முதலில் விடுபட்டவர்கள் ஆதரவற்ற பெண்கள். 'நாலைந்து விதவைகள்தானே' என்று அப்போஸ்தலர்கள் விட்டுவிடவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரை அந்த வேலைக்கென்றே நியமித்தார்கள்; ஸ்தேவான் அவர்களில் ஒருவர். உங்கள் செயற்குழு வேனைத் திருப்பிவிட்டது. அந்தத் தீர்மானத்தைக் குறிப்பேட்டில் எழுதிய கை யாருடையது? செயலாளர் நீங்கள்தானே!

'கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறார்' என்கிறீர்கள். அதை யார் திறந்து கொடுக்கிறார்கள்? பாதிப் பிரசங்கத்தில் படம் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவார்? திருவிருந்து அப்பத்தை எந்தக் கைப்பேசி நீட்டும்? இருட்டில் எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போனவர், வேன் வராத முதல் ஞாயிறன்று வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு லயத்து வாசலில் எவ்வளவு நேரம் நின்றிருந்தார் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குப் படைத்த காணிக்கை என்று சொல்லித் தப்பித்தவர்களை மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசு கண்டிக்கிறார். நீங்கள் சபை வளர்ச்சியைச் சொல்லித் தப்பிக்கிறீர்கள். பெற்றவளை வீட்டில் விட்டுவிட்டுச் செய்யும் ஊழியத்தில் எனக்கு மரியாதை கிடையாது. இதை எந்தப் போதகர் முன்னாலும் சொல்வேன். 170 பேரின் உள்ளத்தை என்னாலும் பார்க்க முடியாது, உங்களாலும் முடியாது. ஆள் சேர்ந்த பிறகு சபை யாரைக் கைவிட்டது என்பது மட்டும் இருவர் கண்ணுக்கும் தெரிகிறது.

வரும் ஞாயிறு செயற்குழுவின் அனுமதிக்குக் காத்திருக்காமல் நீங்களே தோட்டத்துக்குப் போங்கள். அம்மாவை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள். நான்கு பேரும் வர வேண்டும். உங்களிடம் வண்டி இல்லையென்றால் டாக்சி பிடியுங்கள். அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை மாற்றுங்கள்: வேனின் முதல் நடை தோட்டத்துக்கு, இரண்டாவது நடை தாமானுக்கு. தாமான் பிள்ளைகளில் பாதிப் பேரிடம் மோட்டார் சைக்கிள் இருக்கும். நேரமாகிவிடும் என்று போதகர் சொன்னால், ஆராதனையை அரை மணி நேரம் தள்ளித் தொடங்கச் சொல்லுங்கள்.