அமெரிக்கா ராணுவ மோகம் கொண்ட நாடா?

கொள்கையைப் பார்த்தால் ஆம் என்பேன். மக்களை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

2024-ல் அந்நாட்டின் ராணுவச் செலவு ஏறக்குறைய 997 பில்லியன் டாலர். உலகம் முழுவதும் செலவானதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று: அமெரிக்க நாடாளுமன்றம் முறைப்படி கடைசியாகப் போர் அறிவித்தது 1942-ல். கொரியா, வியட்நாம், இராக் எதற்கும் அப்படியொரு பிரகடனம் கிடையாது. போருக்குப் போவது அவ்வளவு எளிதாகிவிட்டது. தளபதியாக இருந்து அதிபரான ஐசன்ஹோவரே 1961 ஜனவரியில் விடைபெறும்போது, ராணுவமும் ஆயுதத் தொழிலும் கைகோத்துப் பெறும் செல்வாக்கைப் பற்றி எச்சரித்தார்.

கலாச்சாரம்? பெங்களூரு அல்சூரில், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் மையத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். எங்கள் தெருவில் பட்டாளத்துக்காரர்கள் நிறைய. சண்டை வேண்டும் என்று அவர்களில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சிப்பாயை மதிப்பது வேறு, போரை விரும்புவது வேறு. அமெரிக்காவில் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். விளையாட்டு மைதானங்களில் வீரர்களைக் கௌரவிக்கும் சில நிகழ்ச்சிகளுக்காகப் பாதுகாப்புத் துறையே அணிகளுக்குப் பணம் கொடுத்ததை 2015-ல் மெக்கெயின், ஃபிளேக் என்ற இரு செனட்டர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். மெக்கெயின் வியட்நாமில் போர்க்கைதியாக இருந்தவர்.